அப்பாவின் கட்டைவிரல்

"இது யாரோட ஸ்க்ரூ?"

காரில் ஏறி உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பாவின் கட்டைவிரல் கதவின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டது. குளுக்கோமாவில் பார்வை போய் ஐந்து வருஷம் ஆகிறது. 81 வயது. ஆனால் இந்த வண்டியில் ஒரு ஸ்க்ரூ மாறினாலும் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதை நான்தான் மறந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 1969-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையிலேயே தயாரான கார். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று 1959-ல் வந்ததன் இந்தியப் பிறவி. அங்கே அதற்கு இரண்டே கதவு. நாலு கதவு ஹெரால்டு நம் ஊர்க்காரர்கள் செய்த வேலை. பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுக்க, மட்கார்டோடு சேர்ந்து, முதலை வாய் மாதிரி எழும்பும். தெருப் பிள்ளைகளுக்கு அதைப் பார்க்க இன்றும் ஆசை.

நாலு கதவுக்கும் டோர் பேடின் ரெக்சின் கிழிந்து தொங்கியதால் ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். வேலை சுத்தம். ஆனால் கழற்றிய ஸ்க்ரூக்களைத் தொலைத்துவிட்டார்கள். கைக்குக் கிடைத்ததையெல்லாம் முடுக்கி அனுப்பியிருந்தார்கள். கறுப்பு நிறத்தில் ஜிப்சம் போர்டு ஸ்க்ரூகூட இரண்டு இருந்தது! 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று நானும் விட்டுவிட்டேன்.

"மாத்திடறேம்ப்பா" என்றேன். கதவுக்கு ஏழு, மொத்தம் 28 ஸ்க்ரூ. அரை நாள் வேலை என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனது.

முதலில் தெருமுனை ஹார்டுவேர் கடை. கதவை இழுத்துச் சாத்தும் கைப்பிடிக்கு இரண்டு ஸ்க்ரூ. அவை கதவுக்குள்ளேயே பற்றவைத்த நட்டில் போய் ஏறும். கடைக்காரர் கண்ணால் அளந்து, "அஞ்சு எம்எம் போதும் மேடம்" என்று எம்5 கொடுத்தார். இரண்டு சுற்று அழகாக ஏறியது. மூன்றாவது சுற்று இறுகியது. பழைய துருவாக இருக்கும் என்று பலத்தைக் காட்டினேன். 'கிறீச்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

டோர் பேடைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் தகரத்தில் தாமே மரை போட்டுக்கொண்டு இறங்கும் செல்ஃப் டேப்பிங் வகை. அரை இஞ்ச் இல்லை என்றார். ஒரு இஞ்ச் வாங்கிப் போட்டேன். நீளமாக இருந்தால் இன்னும் நன்றாகத்தானே பிடிக்கும்? டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கியபோது 'கர்ர்ர்' என்றது. ஸ்க்ரூவின் மூக்கு கதவுக்குள் நீட்டிக்கொண்டு, இறங்கி வந்த கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாட்டிக்கொண்ட ஸ்க்ரூவைப் பற்றி மட்டும் அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். ஐ.டி.ஐ.யில் 30 வருஷம் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுத்தவர். திட்டுவார் என்று பார்த்தால், வகுப்பே எடுத்தார்.

"அது எம்5 இல்லம்மா. பத்து-முப்பத்திரண்டு."

பத்து என்பது தடிமனுக்கான எண்; கிட்டத்தட்ட 4.83 மில்லிமீட்டர். முப்பத்திரண்டு என்பது ஒரு இஞ்சுக்குள் எத்தனை மரை என்ற கணக்கு. எம்5-ல் மரைக்கு மரை 0.8 மில்லிமீட்டர். இஞ்சுக்குக் கணக்குப் போட்டால் 31.75 வருகிறது. அதாவது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால்தான் முதலில் ஏறுகிறது. ஆனால் எம்5 ஒரு மயிரிழை தடிமன். அதனால்தான் பிறகு நட்டின் மரையைத் தின்கிறது. முழுக்கப் பொருந்தாத ஸ்க்ரூ என்றால் வாசலிலேயே திரும்பியிருக்கும்.

நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கு 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்தக் காரின் வரைபடம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அப்போது இஞ்ச்தான். அதிலும் பழைய விட்வொர்த் மரை 55 டிகிரி கோணம். போருக்குப் பிறகு அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடிப் பேசி ஏற்றுக்கொண்ட மரை 60 டிகிரி. ஹெரால்டு இரண்டாவது கட்சி. ஒரு ஸ்க்ரூவுக்குள் இத்தனை அரசியல்!

"க்ளவ் பாக்ஸ்ல ஃபிலிம் ரோல் டப்பா இருக்கும், பாரு" என்றார். இருந்தது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி ஒவ்வொரு வகையிலும் ஒன்று. மாதிரிக்காக எடுத்து வைத்திருக்கிறார், எந்தக் காலத்திலோ. இதை முதலிலேயே கேட்காமல் கடை கடையாக அலைந்தேன் பாருங்கள்.

மாதிரி கையில் வந்த பிறகு வேலை மாறிப்போனது. புதுப்பேட்டையில் ஒரு பாய் அதை வாங்கி நகத்தால் மரையை உரசிப் பார்த்தார். "ஆறாம் நம்பர், அரை இஞ்ச், மேட்டுத் தலை. இப்ப எல்லாம் தட்டைத் தலைதாம்மா வருது" என்று ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். 13 தேறியது, கிண்ணம் மாதிரி இருக்கும் கப் வாஷரோடு. காசு கொடுத்தபோது, "டீக்கு மட்டும் குடும்மா" என்றார். மிச்சத்துக்கு லிங்கி செட்டி தெரு. அங்கே பத்து-முப்பத்திரண்டு என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் எடுத்துப் போட்டார்கள். பெயர் தெரிந்தால் பொருள் கிடைத்துவிடுகிறது.

மாட்டியிருந்த ஸ்க்ரூவை ஒரு மெக்கானிக் பக்குவமாக வெளியே எடுத்துக் கொடுத்தார். ஆனால் நட்டின் மரை நசுங்கியிருந்தது. அப்பா தன் பழைய டேப் செட்டைக் கேட்டார். துளையைச் சுண்டுவிரலால் தேடி, டேப்பை நேராக நிறுத்தினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பார்வை போன பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் எடுக்கவே தயங்குகிற கை அது. அன்றைக்கு அதில் நடுக்கமே இல்லை. இரும்புத் தூள் உதிர்வதை ஊதிவிட்டு, "இப்ப ஏத்து. விரலாலேயே ஏறணும். ஸ்க்ரூ டிரைவர் கடைசி அரைச் சுத்துக்குத்தான்" என்றார்.

விரலாலேயே ஏறியது.

28-ஐயும் முடித்துவிட்டு அவரை உட்கார வைத்தேன். கட்டைவிரல் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் போனது. பின்கதவில் ஒன்றில் நின்றது. "இது புதுசு." "ஆமாம்ப்பா, பழசு 13தான் கிடைச்சது." "உக்காருது. இருக்கட்டும்."

பிறகு முன்னே வந்து டிரைவர் பக்கக் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். பாதி ஏறும்போதே அவர் விரல் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டது. மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார்.

"ஒரு இஞ்ச் போட்டியா?"

"ஆமாம்ப்பா."

"அந்தப் பக்கத்துக் கண்ணாடியைப் போய்ப் பாரு. நீ பொறந்த வருஷம் நான் போட்டது."

சுற்றிப் போய்ப் பார்த்தேன். இருந்தது. என்னுடையதைவிட இரண்டு விரல்கடை நீளம்.