மேற்கு ஜன்னலும் மூங்கில் தட்டியும்

1/ குளிர் நாடுகள்ல வீட்டுச் சூடு வெளியே போகாம இருக்க கனமான திரைச்சீலை போடுவாங்க. நம்ம சென்னையில கதை தலைகீழ். வெயிலை உள்ளே விடக்கூடாது.

2/ மயிலாப்பூர், தி.நகர்ப் பக்கம் கோடையில் முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது, பி.பி. பார்க்கறதுக்கு முன்னாடி நான் பார்ப்பது மேற்கு ஜன்னலை. மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு, ஜன்னலை ஒட்டிக் கட்டில், மதியம் 3 மணி வெயில் பாட்டி மேலேயே விழும். மருந்துச்சீட்டுலயே "கட்டிலை நகர்த்தவும், தட்டி கட்டவும்"னு எழுதிக் கொடுத்திருக்கேன்.

3/ கண்ணாடியைத் தாண்டிட்ட வெயில் அறைக்குள்ளேயே சூடாகத் தங்கிடும். அதனால உள்பக்க ஸ்க்ரீனைவிட வெளியே கட்டும் மூங்கில் தட்டி மேல். வெயில் திரும்புறதுக்கு முன்னாடி இறக்குங்க. வெளிக்காற்று குளிர்ந்ததும் ஜன்னலை எல்லாம் திறந்துடுங்க.

4/ வெட்டிவேர் தட்டியை நனைக்கலாமா? வறண்ட காற்றில் நல்லாவே குளிரும். அடையாறு மாதிரி ஈரமான கடல்காற்று வீசும் இடத்தில் பெருசா எதிர்பார்க்காதீங்க. அதே ஈரத்தாலதான் நம்ம வியர்வையும் காயறதில்லை.

5/ வயசானா தாகமும் வியர்வையும் குறையும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க.

6/ உடம்பு கொதிச்சு, பேச்சு குழறினா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். உடனே 108. வண்டி வரும்வரை உடம்பை நனைச்சு விசிறுங்க. நினைவு தெளிவா இல்லேன்னா வாயில் தண்ணீர் ஊத்தாதீங்க.