தொண்டை வலித்தால் மாத்திரையை நிறுத்துங்கள்

தைராய்டு அதிகமாகச் சுரப்பவருக்கு கார்பிமசோல் எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அதைப் பற்றிப் பேசத்தான் நேரம் பிடிக்கும். நியோமெர்கசோல் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் இந்த மாத்திரை நல்ல மருந்து. ஆனால் விளக்காமல் கொடுக்கக் கூடாத மருந்து.

எழுதும் முன், இது கார்பிமசோல் கேட்கும் நோய்தானா என்று பார்க்க வேண்டும். பிரசவமான சில மாதங்களில் சுரப்பி வீங்கி, சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் கசியலாம். அங்கே புதிய சுரப்பே அதிகம் இல்லை, கார்பிமசோலுக்கு வேலையும் இல்லை, தானாகவே அடங்கிவிடும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை விழுங்குகிறவர்களின் ரிப்போர்ட்கூட சில லேப் முறைகளில் நோய் இருப்பதுபோலக் காட்டும். அதனால் நான் முதலில் கேட்பதே, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்பதுதான்.

நோயின் வேகத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை தொடங்குவோம். பத்தாம் நாளே திரும்பி வந்து, "டாக்டர், படபடப்பு குறையவே இல்லையே" என்பார்கள். அறுவடையை நிறுத்தினாலும் குதிரில் இருக்கும் நெல் தீர வேண்டாமா? மாத்திரை புதுச் சுரப்பைத்தான் தடுக்கும். சுரப்பிக்குள் இருக்கும் கையிருப்பு கரைய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை நெஞ்சுப் படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் ப்ரோப்ரனலால் உதவும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது. இழுப்பு உண்டா என்று கேட்காமல் எழுதவே கூடாது.

அடுத்த பரிசோதனையில் தைராய்டு ஹார்மோனான டி4 சரியாகி, சுரப்பியைத் தூண்டும் டிஎஸ்எச் மட்டும் தரையிலேயே கிடக்கும். அது எழுந்திருக்கச் சில மாதங்கள்கூட ஆகும். அந்த ஓர் எண்ணைப் பார்த்து டோஸை ஏற்றினால், படபடத்து வந்தவர் உடம்பு ஊதி, தூங்கி வழிந்துகொண்டு வருவார்.

இனி நான் சத்தமாகவே சொல்லும் விஷயம். இந்த மருந்தால் 1000 பேரில் சுமார் 2 முதல் 5 பேருக்கு, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் திடீரென அற்றுப்போகலாம். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் இது நடக்கும். அதனால் தொடங்கும் முன்பே வெள்ளை அணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் பார்த்து வைத்துக்கொள்வேன். ஆனால் மாதாமாதம் ரத்தம் எடுத்தாலும் இந்தச் சரிவு பிடிபடும் என்பதற்கு உறுதியில்லை; இன்று சரியாக இருந்தது சில நாளில் சரிந்துவிடும். காவல் நோயாளியின் கையில்தான். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மருத்துவர் சொன்னபின் தொடரலாம். நம் ஊர் வழக்கமோ, தொண்டை வலித்தால் மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்பது. அந்த வழக்கத்தோடுதான் என் சண்டை. கூட வந்தவரையும் உட்கார வைத்துச் சொல்லுவேன். காய்ச்சலில் கிடப்பவருக்கு நினைவிருக்காது. ஒருமுறை அணுக்கள் சரிந்தவருக்கு இந்த வகை மருந்து எதையும் மறுபடி தருவதில்லை.

கண் மஞ்சளானாலும், மேல்வயிறு கடுமையாக வலித்தாலும் அதே விதிதான்: நிறுத்து, உடனே வா. வெறும் அரிப்பு என்றால் பெரும்பாலும் அலர்ஜி மாத்திரையிலேயே சமாளித்துவிடலாம்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடம் இன்னொன்றும் பேச வேண்டும். மாமியார் பக்கத்தில் இருந்தால் தனியாகப் பேசுவேன். கருவின் ஆரம்ப வாரங்களில் கார்பிமசோல், குழந்தையின் உச்சந்தலைத் தோல் உருவாவதைக்கூடக் கெடுக்கலாம். அந்த மாதங்களுக்கு ப்ரோபைல்தையோயூராசில் என்ற மாற்று உண்டு. அது கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. அதனால் எல்லோருக்கும் அதைத் தருவதில்லை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போனால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே பரிசோதித்துவிட்டு வாருங்கள்.

தைராய்டை அதிகமாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு 12 முதல் 18 மாதம் மருந்து. நிறுத்திய பிறகு ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பும். அப்போது கதிரியக்க அயோடினா, அறுவை சிகிச்சையா, மீண்டும் மாத்திரையா என்று உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

கடைசியாக மருந்துக்கடைக்கு வருவோம். அங்கே போய் "தைராய்டு மாத்திரை" என்று மட்டும் கேட்காதீர்கள். குறைவாகச் சுரப்பவர்களே நம்மிடையே அதிகம் என்பதால், அவர்களுக்கான தைராக்ஸின் கைக்கு வந்துவிடக்கூடும். எரிகிற நோயில் எண்ணெய் வார்த்தது போலாகிவிடும். சீட்டைக் காட்டி வாங்குங்கள், அட்டையைத் திருப்பி கார்பிமசோல் என்று இருக்கிறதா பாருங்கள்.