கிண்ணத்துத் தண்ணீர்

நவம்பர் முதல் வாரம். வட இத்தாலியில் வேலை பார்க்கும் நண்பர் கார்தா ஏரிக்கரையில் இருக்கும் கார்ன்யானோவுக்கு அழைத்துப் போனார். மலைச்சரிவில் படிப்படியாக மேடைகள். ஒவ்வொன்றிலும் வரிசையாக உயரமான கல்தூண்கள். கூரை சரிந்த கோயில் மண்டபம் போலிருந்தது. தூண்களுக்கு நடுவே எலுமிச்சை மரங்கள், நம் ஊர்ப் பழத்தைவிடப் பெரிய காய்களோடு. இந்த அமைப்புக்கு லிமொனாயா என்று பெயர்.

எலுமிச்சைக்கு உறைபனி ஆகாது. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அது பிழைக்க வேண்டுமானால் குளிர்காலத்துக்கு ஒரு வீடு கட்டித் தர வேண்டும். வடக்கே உயர்ந்த மதில் வாடையைத் தடுக்கிறது. பகலில் வாங்கிய வெயிலை இரவில் திருப்பித் தருகிறது. எதிரே ஏரி குளிரைக் கொஞ்சம் தணிக்கிறது. நவம்பரில் தூண்களின்மேல் உத்தரம் போட்டுப் பலகை வேய்ந்து, முன்பக்கம் கண்ணாடிச் சட்டங்களை மாட்டுவார்கள். மார்ச்சில் கழற்றுவார்கள். எந்தச் சட்டம் எந்த இடத்துக்கு என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எழுபதைத் தாண்டிய தோட்டக்காரர் ஏணி உச்சியில் நின்று கைப்பழக்கத்தில் மாட்டிக்கொண்டே போனார். இடுக்குகளில் காய்ந்த புல்லைத் திணித்தார்.

நண்பர் அவரை 'நோன்னோ' என்று கூப்பிட்டார், நம் தாத்தாதான். இறங்கி வந்தவர் ஒரு மண்கிண்ணத்தைக் காட்டினார். அந்தக் காலத்தில் ராத்திரி அதில் தண்ணீர் ஊற்றி மரத்தடியில் வைப்பார்கள். மேலே மெல்லிய பனி ஏடு படர்ந்தால் உள்ளே நெருப்பு மூட்டியாக வேண்டும்.

"அப்பா பார்ப்பார், அப்புறம் அம்மா. ஏழு வயதில் எனக்கும் முறை வந்தது. இருட்டில் விரலை விட்டுத்தான் பார்ப்பேன். கண்ணயர்ந்தால் அப்பா நட்ட மரம் விடிவதற்குள் போய்விடும்."

அதே ஏரிக்கரையில் இருக்கும் லிமொனேயின் தோட்டங்களை 1786இல் படகில் போன ஜெர்மானியக் கவிஞர் கதே பார்த்திருக்கிறார். ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் 1912–13இல் கார்ன்யானோவில் தங்கியபோது பல தோட்டங்கள் பாழாகிக் கிடந்தன. பிசின் வடியும் நோய் ஒரு பக்கம். 1861இல் இத்தாலி ஒரே நாடான பிறகு, தெற்கே திறந்தவெளியில் காய்த்த மலிவுப் பழம் இன்னொரு பக்கம். 1928–29 குளிர் மிச்சத்தையும் வாட்டியது.

நோய்க்கும் குளிருக்கும் மனம் கிடையாது. நோன்னோவிடம் பழம் வாங்க வந்த எலுமிச்சை மது வியாபாரிக்கு இருந்திருக்க வேண்டும். தெற்கத்திப் பழத்தின் விலையைச் சொல்லிப் பேரம் பேசியிருக்கிறார். ஏரியின் பெயர் மட்டும் அவருடைய சீசாவுக்கு வேண்டும்! உடைந்த கண்ணாடிக்கு யார் காசு? ஏணியேறும் கூலிக்கு? நம் ஊர் மண்டியில் கேட்டுக் கேட்டு எரிந்த அதே கேள்விகள். மரத்தை வெட்டிவிட்டு வாடகை அறை கட்டச் சொல்லிப் புத்தியும் சொன்னாராம். விளைவிப்பவனின் உழைப்பை விலையில் சேர்க்காதவன் செய்வதை வியாபாரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாலை நாலரைக்கே இருட்டத் தொடங்கியது. இன்னும் மூன்று சட்டங்கள் பாக்கி. நண்பர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏணியைப் பிடித்தார். நான் புல்லை எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.