நான் "கண்டுபிடித்த" சிவப்புப் பாசி



மாசி மகத்துக்கு வீட்டோடு மரக்காணம் கடலுக்குப் போயிருந்தோம். கரையில் ஒரு பாசி ஒதுங்கிக் கிடந்தது. நம்ம ஓமந்தூர்க் கிணறுகளில் பச்சைப் பாசிதான் பார்த்திருக்கிறேன். இது சிவப்பு! பிளாஸ்டிக் பையில் எடுத்து வந்துவிட்டேன். மறுநாள் வகுப்பில், "புதுப் பாசி கண்டுபிடிச்சிருக்கேன்டா, என் பேர்தான் வைக்கப் போறேன்" என்று பீற்றிக்கொண்டேன்.

அது அறிவியல் ஐயா காதில் விழுந்துவிட்டது. "சரிப்பா, எதைவிட இது புதுசு?" என்று கேட்டார். திருதிருவென்று முழித்தேன்.

ஐயா திட்டவில்லை. ஒரு செய்தி சொன்னார். பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு புதுச் சிவப்புப் பாசி இனங்களை அறிவித்த செய்தி 2021-இல் வந்ததாம். இரண்டுமே நம் கன்னியாகுமரியில் கிடைத்தவை. ஒன்று ஹிப்னியா இண்டிகா. நம் நாட்டின் பெயர். இன்னொன்று ஹிப்னியா புல்லாட்டா. உடம்பில் கொப்புளம் போல இருப்பதால் அந்தப் பெயர். கடல் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே தெரிகிற இடத்தில்தான் வளர்கின்றன. எத்தனை பேர் மிதித்துப் போயிருப்பார்கள்!

ஹிப்னியா பேரினத்தில் அப்போது ஏற்கெனவே 61 இனங்கள் இருந்தன. அவற்றிலிருந்து வேறு என்று காட்டினால்தான் புதுசு. உருவத்தோடு மரபணுவையும் ஒப்பிட்டார்களாம். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. வெயிலில் கிடந்தால் சிவப்புப் பாசியும் வெளுத்துவிடும். பெயர் வைத்த பாசியைத் தாளில் பரப்பி, உலர்த்தி, கிடைத்த இடமும் நாளும் எழுதிப் பாதுகாக்க வேண்டும். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் அதுதான் சாட்சி.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடிப் பையைத் திறந்தேன். அழுகிப்போயிருந்தது. "இன்னாடா இந்த நாத்தம்? கொண்டுபோய்க் கொட்டு!" என்றார் அம்மா. என் சாட்சி குப்பைக்குப் போனது. அதன் கிளை எப்படி இருந்தது, தண்டு உருண்டையா தட்டையா, ஒன்றையும் நான் எழுதி வைக்கவில்லை. பெயரை மட்டும்தான் யோசித்திருந்தேன்.

மறுநாள் வகுப்பில் எழுந்து, "நான் சொன்னது தப்பு" என்றேன். சில பேர் சிரித்தார்கள். ஐயா மட்டும், "இப்பதான்டா நீ அறிவியல் படிக்க ஆரம்பிச்சிருக்க" என்றார்.

அடுத்த தடவை கடலுக்குப் போகும்போது நோட்டு, பென்சில், பழைய செய்தித்தாள் எல்லாம் எடுத்துப் போவேன். முதலில் நன்றாகப் பார்ப்பேன். பெயர் அப்புறம்! யார் யார் கூட வர்றீங்க?

— 10-ஆம் வகுப்பு மாணவன், ஓமந்தூர்