துக்கம் கேட்டல்

இழவு வீட்டிற்குச் செல்வதைத் "துக்கம் கேட்டல்" என்றும் "துக்கம் விசாரித்தல்" என்றும் நம்மவர் வழங்குவர். அங்குச் செல்வோர் துக்கம் சொல்லச் செல்வதில்லை, கேட்கவே செல்கின்றனர். சொல் இத்துணைத் தெளிவாயிருந்தும், அதன் பொருள் எமக்கு விளங்குவதற்கு நெம்மேலிக் குப்பத்து அன்னையொருத்தி எம்மை விட்டு எழுந்து செல்ல வேண்டியிருந்தது. அச்செய்தியையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சென்ற ஆண்டு ஆடித் திங்களில், செங்கற்பட்டுப் பக்கத்துத் திருச்சபை ஒன்றில், துயருற்றோரைத் தேற்றும் ஊழியத்திற்கு மூன்று நாட் பயிற்சி நடைபெற்றது. நம் கல்லூரியிலிருந்து நால்வர் சென்றிருந்தோம். உண்மையை ஒளிப்பானேன்? தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கராகிய எமக்குச் சொல்வன்மையிற் சிறிது செருக்குண்டு. வேதத்திலும் இலக்கியத்திலும் ஆறுதல் மொழிகள் நிரம்பக் கிடக்கின்றன. அவற்றைத் தக்க இடத்தில் எடுத்து வழங்குவதொன்றே வேண்டுவது என்று எண்ணியிருந்தோம். முப்பது வசனங்களைச் சிறு குறிப்பேடொன்றில் எழுதியும் கொண்டு போயினோம்.

பயிற்சி அளித்தவர் மருத்துவமனையில் நெடுங்காலம் தாதியாயிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். முதல் நாட் காலையில் எம்மை இருவர் இருவராக எதிரெதிரே அமர்த்தி, ஒருவர் தாம் இழந்ததைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், மற்றவர் வாய் திறவாமற் கேட்க வேண்டும் என்றார். எம் எதிரே அமர்ந்தவர் ஒரு பள்ளியாசிரியர். இறந்துபோன தம் தங்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இரண்டாம் நிமிடத்திலேயே யாம், "வருந்தாதீர்கள், ஐயா" என்று சொல்லிவிட்டோம். அம்மையார் எம் தோளிற் கை வைத்து, "இன்னும் மூன்று நிமிடம் உண்டு, தம்பி" என்றார். விடை தெரியாத வினாவின் முன்னே தேர்வு மண்டபத்தில் அமர்ந்திருப்பது போல அம்மூன்று நிமிடமும் கழிந்தன.

இப்பணிக்கும் ஒரு வரலாறு உண்டென்பதைப் பயிற்சியில்தான் அறிந்தோம். 1942ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் கொக்கோநட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். பிழைத்தோரையும் இறந்தோரின் சுற்றத்தாரையும் கண்டு உசாவிய எரிக் லிண்டமன் என்னும் மருத்துவர், 1944இல் துக்கத்தின் இயல்பை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓயாத பெருமூச்சு, உணவு செல்லாமை, இறந்தவர் உருவமே கண்முன் நிற்றல், தன்மேற் பழி சுமத்திக் கொள்ளல், உற்றார் மேலேயே எழும் சினம் ஆகியன இழந்தார்க்கு நேர்வன என்று அவர் காட்டினார். 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையார் மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளைக் கூறினார். அவர் மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்த நோயாளரிடம் பேசியே அவற்றை வகுத்தாராயினும், பின்வந்தோர் துக்கப்படுவோர் அனைவரும் ஏறியே தீர வேண்டிய படிக்கட்டாக அவற்றை ஆக்கிவிட்டனர். "நீங்கள் இப்போது இரண்டாம் படியில் நிற்கிறீர்கள் என்று எவரிடமும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்" என்று எம் ஆசிரியை எச்சரித்தார்.

எம் உள்ளத்தில் மிகவும் தங்கியது இங்கிலாந்திற் கவென்ட்ரி நகரத்து நிகழ்ச்சியாகும். 1968இல் அங்குள்ள மருத்துவமனையில் இரண்டு சிறுவர் இறந்தனர். மருத்துவமனைக் குருவாகிய சைமன் ஸ்டீபன்ஸ் என்பவர் இரு குடும்பத்தாரையும் ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்வித்தார். தாம் அளித்த ஆறுதலினும் அப்பெற்றோர் தமக்குள் அளித்துக் கொண்ட ஆறுதல் பெரிதென்பதைக் கண்டு, அதனை மறையாது ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அதிலிருந்து பிள்ளைகளை இழந்த பெற்றோரின் சங்கம் ஒன்று பிறந்து, பல நாடுகளிலும் பரவிற்று. குருவானவர் ஒருவர் தம் சொல்லினும் மேலானது ஒன்றுண்டென்று ஒப்புவது எளிதன்று.

நம் கடற்கரைக்கு இப்பாடம் பெருந்துயரின் வாயிலாக வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சுமத்திராத் தீவருகே எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ எண்ணாயிரம் உயிர்களை வாரிச் சென்றது. நாகப்பட்டினத்தின் அழிவை நோக்க எம் பகுதியின் அழிவு குறைவே. ஆயினும் இங்கும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999இல் ஒரிசாப் புயலுக்கும் 2001இல் குஜராத் நிலநடுக்கத்திற்கும் பின்னர்ப் பணியாற்றிய பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் இங்கும் வந்து, ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் முதலிய ஊர் மக்களுக்கே மனத்துயர் தாங்கும் முறையைக் கற்பித்தனர். இழப்புற்றவனை ஒரே நாளில் உட்காரவைத்து, நேர்ந்ததையெல்லாம் சொல்லென்று வற்புறுத்துவது நன்மை பயப்பதில்லை என்பது இக்காலத்து ஆராய்ச்சியாற் கண்ட உண்மை. பார், கேள், உதவியோடு சேர்ப்பி என்னும் மூன்றையே உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டுக் கைந்நூல் முதலுதவியாகக் கூறுகின்றது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எவரிடமேனும் தென்பட்டால் குழுவில் வைத்துக் காலம் தாழ்த்தாது, மருத்துவரிடமோ, 1986 முதல் சென்னையில் இப்பணி புரிந்துவரும் சிநேகா போன்ற அமைப்பினிடமோ சேர்க்க வேண்டும் என்பது எமக்கு இட்ட கட்டளை.

குழு நடத்தும் முறைகள் பலவும் கற்பித்தார்கள். எண்மர் பதின்மர்க்கு மேற்படாமல் வட்டமாய் அமர்தல், அங்குப் பேசியது அவ்விடத்தை விட்டு வெளிச் செல்லாமை, ஒருவர் துக்கத்தோடு மற்றொருவர் துக்கத்தை நிறுத்துப் பாராமை, பேச மனமில்லாதவரை விட்டுவிடுதல் என்பவை அவற்றுட் சில. சமயம் பற்றி மட்டும் சிறிது பூசல் எழுந்தது. உபதேசியார் ஒருவர் எழுந்து, "அப்படியானால் சுவிசேஷம் சொல்வது எப்போது?" என்று வினவினார். அம்மையார் பெத்தானியாவை நினைவூட்டினார். லாசரு இறந்தபின் மார்த்தாளும் மரியாளும் ஆண்டவரிடம் சொன்ன சொல் ஒன்றே. அவர் அளித்த மறுமொழியோ வேறு. மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிய உபதேசம் கிடைத்தது. மரியாளுக்கு அவருடைய கண்ணீர் கிடைத்தது. "வந்திருப்பவள் மார்த்தாளா மரியாளா என்று முதலிற் பாருங்கள்" என்றார். உபதேசியார் உடன்பட்டாரோ இல்லையோ, அமர்ந்துவிட்டார்.

நிற்க. ஆவணியில் அம்மையாருடன் நெம்மேலிக்குச் சென்றோம். மாமல்லபுரத்திற்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது அவ்வூர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் அங்கு ஏற்பட்டமையாற் சென்னை நகரத்தார் அதன் பெயரை அறிவர். சாலைக்குக் கிழக்கே குப்பம். வியாழன்தோறும், மீன் ஏலம் முடிந்தபின், வலை பின்னும் கொட்டகையில் பெண்கள் எண்மர் கூடுவர். தாதியம்மையார் குழுவை நடத்த, யாம் துணையாய் அமர்ந்தோம். எண்மரும் அம்மனை வழிபடுவோர். எம் குறிப்பேடு சட்டைப் பையிலேயே இருந்தது.

முதல் வியாழனன்று ஓர் அன்னை பேசினாள். இரண்டாண்டுகட்கு முன் மூவர் சென்ற படகு அலையிற் கவிழ்ந்தது. இருவர் நீந்திக் கரை சேர்ந்தனர். அவள் மகன் சேரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. இன்றும் இரவிற் கதவைத் தாழிடுவதில்லை என்றாள். வந்தால் தட்டிக்கொண்டு நிற்பானே என்றாள். கொட்டகையில் ஒருவரும் பேசவில்லை. அம்மௌனத்தை எம்மாற் பொறுக்க முடியவில்லை. அம்மையார் எம் பக்கம் திரும்புவதற்குள் யாம், "எல்லாம் கடவுள் சித்தம், அம்மா. அவர் நல்ல இடத்தில்தான் இருப்பார், நீங்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி முடித்துவிட்டோம்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சினந்து ஒன்றும் சொல்லவில்லை. "உலை கொதிக்கும், தம்பி. வருகிறேன்" என்று எழுந்து சென்றாள். அடுத்த வியாழனன்று அவள் வரவில்லை. அதற்கடுத்த வியாழனன்றும் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மையார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "யாருடைய தவிப்பைத் தணிக்க அதைச் சொன்னீர்?" என்று மட்டும் கேட்டார். கோவளம் வரும்வரை யோசித்தும் எமக்கு ஒரே விடைதான் கிடைத்தது. தணிந்தது எம் தவிப்பே. மேலும், மகன் இறந்தான் என்று அவள் சொல்லவேயில்லை. அவளுக்காக அதனை யாமே முடிவு செய்துவிட்டோம்.

அன்றிரவு விடுதியிற் படிக்க எடுத்தது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். இளிவு, இழவு, அசைவு, வறுமை என அழுகைக்கு நான்கு நிலைக்களன் கூறுவர் ஆசிரியர். பிறரால் இகழப்படுதல், உரியோரை இழத்தல், முன்னைய நிலைமை கெட்டு மாறுதல், துய்ப்பின்மை என அவற்றுக்கு உரைகண்டு, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். அவ்வன்னையிடம் நான்கும் ஒருங்கே இருந்தன. மகனை இழந்தாள். அவன் கொணர்ந்த வரும்படியும் போயிற்று. ஏலத்தில் மீன் எடுத்து விற்றவள் இப்போது பிறர் வீட்டில் மீன் ஆய்கின்றாள். நான்காவது, உதவித்தொகைக்காகச் சென்ற அலுவலகத்தில் இறப்புச் சான்று எங்கே என்று கேட்டுத் திருப்பியனுப்பினார்களாம். ஏழாண்டு ஒருவனைப் பற்றிச் செய்தி இல்லையாயின் இறந்தானெனக் கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது; 2023இன் புதிய சட்டத்திலும் உள்ளது. 2017இல் ஒக்கிப் புயலிற் குமரி மாவட்டத்து மீனவர் பலர் காணாமற் போனபோதும் இவ்வேழாண்டுக் கணக்கே அவர்தம் மனைவியரை வாட்டிற்று. நான்கனுள் ஒன்றை மட்டும் கண்டு, அதற்கும் ஒரு வாக்கியத்தில் மருந்து கொடுத்துவிட்டோமே என்று நாணினோம்.

கையறுநிலைப் பாக்களையும் அன்று வேறு கண்கொண்டு பார்த்தோம். ஔவையார் அதியமானை இழந்து பாடுங்கால், தேற்றும் மொழி தேடவில்லை. சிறிது கள் இருந்தால் யாருக்குக் கொடுப்பான், நிறைய இருந்தால் எவ்வாறு பகிர்ந்து உண்பான் என்றே நினைந்து நைகின்றார். நம் ஊர் ஒப்பாரியும் அதுவே. பெண்கள் வட்டமாய் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, போனவன் என்ன உண்டான், எதை உடுத்தான், யாரை எப்படி அழைத்தான் என்று சொல்லிச் சொல்லி அழுகின்றனர். எம் சபைகளில் ஒப்பாரியை நாகரிகமற்றதென்று ஒதுக்கி வைத்தோர் பலர். யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையிலே வாய் பேசாது அமர்ந்திருந்த வரையில் நல்ல நண்பராகவே இருந்தனர். எட்டாம் நாள் முதற்கொண்டு அவர்கள் பேசிய பேச்செல்லாம் நம்முடைய குறிப்பேட்டுப் பேச்சே.

நான்காம் வியாழனன்று அவ்வன்னை வந்தாள். அழைத்து வந்தவர் அம்மையார் அல்லர், யாமும் அல்லேம். 2004இல் தன் சிறு மகளை அலைக்குப் பறிகொடுத்த மூதாட்டி ஒருத்தி, இடைப்பட்ட நாளெல்லாம் மாலைதோறும் அவள் வீட்டுத் திண்ணையிற் போய் அமர்ந்து, அவளோடு சேர்ந்து மீன் ஆய்ந்து கொடுத்திருக்கின்றாள். என்ன பேசினீர்கள் என்று பின்னர்க் கேட்டதற்கு, "பேச என்ன இருக்கிறது?" என்று எம்மையே கேட்டாள்.

யாம் அன்று மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஒரு வாக்கியம் ஆயத்தம் செய்து வைத்திருந்தோம். அவள் முகத்தைக் கண்டதும் அதுவும் எமக்காகவே என்று தோன்றிற்று, விட்டுவிட்டோம். எம் முறை வந்தபோது, "உங்கள் மகனுக்கு எந்த மீன் பிடிக்கும், அம்மா?" என்று கேட்டோம். வாய் சற்றுக் குழறிற்று.

அவள் எம்மை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, கடலிற் போகிற பிள்ளைக்கு மீனே பிடிக்காது, தம்பி என்றாள். சிறு வயது முதல் முள்ளுக்கு அஞ்சுவானாம். நெத்திலியை மட்டும் முறுகப் பொரித்துத் தந்தால் உண்பானாம். வீட்டில் மீன்குழம்பு வைத்த நாளெல்லாம் அவனுக்கென்று தனியே ஒரு ரசம் வைக்க வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மற்ற பெண்களும் சிரித்தனர். அவன் பெயரை அவள் சொல்ல, அருகிருந்தவள் அவன் குப்பத்துத் திருவிழாவில் கூத்துப் பார்க்கப் போய் மணலிலே தூங்கிவிட்ட கதையைச் சொன்னாள். பின்னர் அழுதாள். எவரும் அழாதே என்று சொல்லவில்லை. குறித்த நேரம் கடந்து அரைமணி ஆயிற்று. நேரத்திற் கண்டிப்புள்ள அம்மையார் கைக்கடிகாரத்தைப் பாராமலே இருந்தார்.

புறப்படும்போது அவள் செய்தித்தாளிற் சுற்றிய சிறு பொதியொன்றை எம் கையிற் கொடுத்தாள், நெத்திலிக் கருவாடு. குழுவில் யாரிடமும் ஒன்றும் வாங்கலாகாது என்பது பயிற்சியின் விதி. அம்மையாரை நோக்கினோம். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டோம். இன்னும் இரண்டு வியாழன் இருந்தன. கதவைத் தாழிடுகின்றாயா என்று எவரும் அவளைக் கேட்கவில்லை. பஸ்ஸில் எம் பக்கத்து இருக்கைக்காரர் கருவாட்டு மணத்தினால் தாம்பரம் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.