தாயை விலக்கிப் பிள்ளையைக் காக்க முடியாது

ஒரு குடும்பத்தில் துன்பம் வந்தால் முதலில் கிளம்பும் கேள்வி, ‘யார் செய்த தப்பு இது?’ என்பதுதான். அதற்கு விடை கிடைத்ததால் துன்பம் தீர்ந்ததை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. தப்பு செய்தவர் என்று நாம் கைகாட்டும் ஆளிடமே பல சமயம் மருந்தும் இருக்கிறது. இளையவர்கள் இதை உணர, அமெரிக்கப் பிரசவ வார்டுகளின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அங்கே 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற வலிமாத்திரை விற்பனைக்கு வந்தது. பழகிப்போகும் அபாயம் குறைவு என்று சொல்லி விற்றார்கள். மருத்துவர்களும் நம்பி எழுதிக்கொடுத்தார்கள். பலரால் அதை விட முடியவில்லை. மாத்திரை கிடைக்காதபோது ஹெராயினுக்கும், பின்னாளில் ஃபென்டானிலுக்கும் போனார்கள். அவர்களில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் இருந்தார்கள்.

தாயின் இரத்தத்தில் இருக்கும் ஓபியாய்டு என்ற இவ்வகை மருந்து, நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் எட்டுகிறது. பிறந்து தொப்புள்கொடியை அறுத்ததும் அந்த வரத்து நின்றுவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் குழந்தை வீறிட்டு அழும், கைகால் நடுங்கும், பாலைச் சரியாகக் குடிக்காது, வயிற்றால் போகும், தூங்காது. இதைப் ‘போதைக்கு அடிமையான குழந்தை’ என்று சொல்வது பெரும் அநியாயம். அது எதையும் தேடிப் போகவில்லை. அதன் உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். சரியாகக் கவனித்தால் இந்த அவதி தீரும்.

அப்படியானால் கர்ப்பம் தெரிந்த அன்றே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லலாமே என்று தோன்றும். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. சட்டென்று நிறுத்தியவர்களில் நிறையப் பேர் மறுபடியும் பழக்கத்தில் விழுகிறார்கள். இடைவெளியில் உடம்பின் தாங்குசக்தி குறைந்திருப்பதால், முன்பு எடுத்த அதே அளவு உயிரையே பறித்துவிடும். அதனால் மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபின் என்ற மாற்று மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் சீரான அளவில் கொடுக்கிறார்கள். ஏறி இறங்கும் போதையின் அலைக்கழிப்பு நின்று, தாயும் சிசுவும் நிலைப்படுகிறார்கள். இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. புப்ரினார்ஃபின் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு, அவதியைத் தணிக்கக் கொடுக்கும் மார்ஃபின் மிகக் குறைவாகவே தேவைப்பட்டது.

இதையெல்லாம் தண்டனையால் சாதிக்கலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. பிறக்கும் குழந்தைக்குப் போதைமருந்தால் தீங்கு நேர்ந்தால் தாய்மீது வழக்குப் போடலாம் என்று டென்னசி மாநிலம் 2014இல் சட்டம் கொண்டுவந்தது. சிறைக்கும், பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்பதற்கும் பயந்து பெண்கள் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வராமல் ஒதுங்கினார்கள். 2016இல் அந்தச் சட்டம் காலாவதியானது. தாய் மருத்துவமனை வாசலை மிதிக்காவிட்டால், வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் அந்த வாசல் அடைபட்டதுதானே?

யேல் நியூ ஹேவன் குழந்தைகள் மருத்துவமனையில் மாத்யூ கிராஸ்மன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் போனார்கள். முன்பெல்லாம் இந்தக் குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தனியே வைத்து, தும்மல் நடுக்கத்துக்கெல்லாம் மதிப்பெண் போட்டு மார்ஃபின் கொடுப்பார்கள். இவர்கள் மூன்றையே பார்த்தார்கள்: பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் அடங்குகிறதா? வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறையில் தாயோடு விட்டார்கள். மார்போடு அணைப்பதும், தடையில்லாதபோது தாய்ப்பால் கொடுப்பதுமே முதல் சிகிச்சை. போதாதபோதுதான் மார்ஃபின். சராசரியாக 22 நாட்களுக்கு மேல் இருந்த மருத்துவமனை வாசம் 6 நாட்களுக்குள் அடங்கியது. பிறகு 26 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வும், குழந்தைகள் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே வீட்டுக்குப் போகும் நிலையை எட்டியதைக் காட்டியது.

குழந்தை தேறிவிட்டது என்று தாயைக் கைவிட்டுவிடவும் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு ஏழு மாதம் முதல் ஒரு வருடம் வரையான காலத்தில்தான் அளவுமீறிய போதையின் ஆபத்து மிக அதிகம் என்று மாசசூசெட்ஸ் ஆய்வு ஒன்று சொல்கிறது. பார்க்க வந்தவர்கள் போய், தூக்கம் கெட்டு, தாய் தனியாகிவிடும் காலம் அது. சிகிச்சை தொடர வேண்டும். பக்கத்தில் ஆளும் வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒரு பெண் எந்தப் போதையிலாவது சிக்கியிருந்தால், வையாதீர்கள், மறைக்காதீர்கள், நீங்களாக மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். கூடவே மருத்துவரிடம் போங்கள். எடுப்பதை ஒளிக்காமல் சொல்ல அவளுக்குத் தைரியம் கொடுங்கள். திரும்பி வரும்போதும் கூடவே வாருங்கள். அவளுக்குச் செய்யும் ஒவ்வொரு உதவியும் பிள்ளைக்குச் செய்வதுதான்.