பற்றுக் கணக்கு

வெளியூரில் தனித்து வாழும் பிள்ளையைக் காணச் செல்லும் பெற்றோர் முதன்முதலில் கேட்பது, "எங்கே சாப்பிடுகிறாய்?" என்பதுதான். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தில்லியிலிருந்து புறப்பட்டு இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரை அடைந்த நாங்களிருவரும், அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் எங்கள் மகளிடம் அதையே கேட்டோம். "இன்றிரவு அழைத்துப் போகிறேன், அம்மா" என்றாள் அவள்.

எங்கள் கைப்பையில் அவளுக்கென்று இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, பருப்புப் பொடி டப்பா. மற்றொன்று, குருகிராமத்தில் ஓர் உத்தியோகத்துக்கான விண்ணப்பத் தாள். "படித்தது போதும் கண்ணு, ஊருக்கு வந்துவிடு" என்று சொல்வதற்கு ஏற்ற வேளையை நாடியே நாங்கள் கடல் கடந்து போயிருந்தோம்.

அவள் அழைத்துச் சென்ற இடம், ஸ்பானியர் குடியிருப்பு என்று வழங்கும் பகுதியில் ஒரு சந்து. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியப் படைவீரர்களைக் குடியமர்த்துவதற்காக எழுந்த பகுதி அது. எதிரெதிர் மாடங்களுக்கிடையே கொடி கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். துணிகளுக்கு நடுவே நீலமும் வெள்ளையுமாய்த் தோரணங்கள். அவ்வூர்க் கால்பந்துக் குழு 1990-க்குப் பிறகு முதன்முறையாக அவ்வாண்டு மே மாதத்தில்தான் இத்தாலியப் பட்டத்தை வென்றிருந்தது. கொண்டாட்டம் இன்னும் அடங்கவில்லை. கடையில் எட்டு மேஜைகளுக்கு மேல் இல்லை. சுவரில் ஊர்க் காவல் புனிதரான ஜென்னாரோவின் படமும், பக்கத்திலேயே மரடோனாவின் படமும். முருகன் படத்தையும் எம்.ஜி.ஆர். படத்தையும் அருகருகே மாட்டியிருக்கும் நம்மூர்த் தேநீர்க் கடைகளை அறிந்த எங்களுக்கு அது விந்தையாகத் தோன்றவில்லை.

கடைக்குள்ளே கண்ணைக் கவர்வது அடுப்புதான். செங்கல்லால் கவிகைபோல் கட்டிய விறகடுப்பு. உள்ளே வெப்பம் 430 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்குமாம். மாவென்று பார்த்தால் கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் என்ற நான்கே பொருள்கள். பல மணி நேரம் புளித்த மாவு உருண்டையை எடுத்து, விரல் நுனிகளால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளித் தள்ளி அகலமாக்குகிறார் ஓர் இளைஞர். குழவியை அவர் தொடுவதே இல்லை. குழவி பட்டால் காற்று போய்விடும். காற்று போனால் ஓரம் உப்பாது. மேலே தக்காளிச் சாறு பூசி, நீண்ட மரத்துடுப்பால் அடுப்புக்குள் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் ஒன்றரை நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. நேப்பிள்ஸ் பீட்ஸா சுடுவோரின் இக்கைத்திறனை 2017-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. மாவு தட்டுவதற்கு உலக அங்கீகாரமா என்று நகைப்பவர்கள், மதுரையில் பரோட்டா வீசுபவரின் கைகளை ஒருமுறை நினைத்துக் கொள்ளட்டும்.

எங்களுள் ஒருவர் சுத்த சைவம். யாரென்று வாசகர்கள் ஊகித்துக் கொள்வார்கள். பாலாடைக்கட்டி பரவிய 'மார்கெரிட்டா'வைக் கேட்கலாம் என்றிருந்தபோது மகள் தடுத்தாள். மொஸரெல்லாப் பாலை உறையவைக்க இங்கே பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளையே சேர்க்கிறார்கள் என்றாள். தில்லியில் எத்தனையோ பிறந்தநாள் விழாக்களில் விசாரியாமலே உண்டதை எண்ணி அந்த ஒருவர் சற்று நேரம் மௌனமானார். பிறகு 'மரினாரா' என்றொரு பெயர் வந்தது. மீன் வாடை வீசும் பெயராக இருக்கிறதே என்று ஐயுற்றோம். கடலோடிகளை ஒட்டி வந்த பெயரே தவிர, நேப்பிள்ஸில் அதில் மீன் கிடையாது. தக்காளி, பூண்டு, ஒரிகனோ இலை, ஒலிவ எண்ணெய், அவ்வளவே. மார்கெரிட்டாவுக்கு 1889-இல் இத்தாலிய அரசியின் பெயரைச் சூட்டியதாக ஒரு கதை உண்டு. அதற்குச் சான்றாகக் காட்டும் கடிதத்தைச் சரித்திர ஆசிரியர்கள் சிலர் நம்புவதில்லை. மரினாராவுக்கு அரசியும் இல்லை, கடிதமும் இல்லை. ஏழையின் பண்டமாகவே இருந்து வந்திருக்கிறது.

ஒன்றை வாங்கி மூவரும் பகிர்ந்து கொள்ளலாமே என்று நாங்கள் சொன்னதும் மகள் நாணத்தால் சிவந்தாள். ஆளுக்கொரு பீட்ஸா என்பதே அங்குள்ள வழக்கம். துண்டு போட்டும் தருவதில்லை. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு எல்லோரும் அறுத்துக் கொண்டிருக்க, நாங்கள் தோசையைப் பிட்பதுபோல் பிட்டோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுப்பகுதி ஈரமாய் நெகிழ்ந்தும், ஓரம் கருகிய புள்ளிகளோடு மெத்தென்றும் இருந்தது. காரம் மட்டுமே குறை. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஒரே காலத்தில் புறப்பட்டவை. இவர்களுக்கு முன்னதும் நமக்குப் பின்னதும் பெரிதாய் வாய்த்துவிட்டன.

அச்சமயம் கடைக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார். அறுபது பிராயம் இருக்கும். எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசினார். மகள் மொழிபெயர்த்துக் கொண்டே வந்தவள், ஓரிடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டாள். "ஒன்றுமில்லை அப்பா, நலம் விசாரிக்கிறார்" என்றாள். அடுத்த மேஜையில் ஆங்கிலம் அறிந்த ஒருவர் இருந்தார். அவர் சும்மா இருக்கவில்லை.

அவள் வந்த புதிதில் வங்கிக் கணக்கு திறக்கத் தாமதமாகி, உதவித்தொகை ஏழு வாரம் கைக்கு வரவில்லையாம். ஒருநாள் அரை பீட்ஸா என்ன விலை என்று அவள் கேட்டிருக்கிறாள். அரை பீட்ஸா என்று ஒன்று இல்லாத ஊரில் அக்கேள்வியின் பொருள் அவருக்கு விளங்கிவிட்டது. அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினார். இன்று தின்று எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கும் வழக்கம் நேப்பிள்ஸில் முன்னர் இருந்தது. 1954-இல் டி சிக்கா எடுத்த 'நேப்பிள்ஸின் பொன்' என்னும் படத்தில் சோபியா லோரன் பீட்ஸா விற்பது அம்முறையில்தான். இவர் எட்டு நாளை ஏழு வாரமாக்கினார். "கடைசிக் காசு வரை தீர்த்துவிட்டாள்" என்று எங்களுக்குப் பெருமையோடு தெரிவிக்கத்தான் அவர் வந்தது.

அந்த ஏழு வாரமும் தொலைபேசியில் "சாப்பிட்டாயிற்று அம்மா" என்றே அவள் சொல்லி வந்தாள். அவள் அம்மாவுக்குக் கண் கலங்கியது. அப்பாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. 1986-இல் தில்லிக்கு வந்த புதிதில், முதற்சம்பளம் தாமதப்பட்ட இரண்டு மாதமும் கரோல் பாகில் ஒரு தமிழர் மெஸ்ஸில் பற்று எழுதிச் சாப்பிட்டவர் அவர். கும்பகோணத்துக்கு எழுதிய இன்லண்டுக் கடிதங்களில் எல்லாம் "வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்" என்றே எழுதினார். அதை அவர் அன்றிரவு அந்த மேஜையில்தான் வாய்விட்டுச் சொன்னார். மகளுக்கு மட்டுமன்று, முப்பது ஆண்டுக்கு மேல் உடன் வாழ்ந்தவருக்கும் அது புதுச் செய்தி. "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்ற கேள்வி மேஜையின் இரு பக்கமும் ஒரே சமயத்தில் எழுந்தது. பதில் ஒரு பக்கத்திலும் வரவில்லை.

பணம் கொடுத்துவிட்டு எழுந்தோம். பருப்புப் பொடி டப்பாவை மகளுக்குப் பதிலாகக் கடைக்காரர் கையில் கொடுத்தார் அவள் அம்மா. எப்படி உண்பது என்பதை எண்ணெய்ச் சீசாவைக் காட்டிச் சைகையாலேயே விளக்கினார். விண்ணப்பத் தாள் பையிலேயே இருந்து, எங்களோடு தில்லிக்குத் திரும்பி வந்தது.

இரண்டு வாரம் கழித்து மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவர் அப்பொடியை மரினாராவின்மேல் தூவிக் கடை அடைத்தபின் தாம் மட்டும் உண்கிறாராம். டப்பா காலியாகி விட்டதாம். அடுத்த முறை அரைக் கிலோவாக அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னாராம். விலையைக் கணக்கில் எழுதிக் கொள்ளலாமாம்.